வலிக்காத இடம்

“உள்ள ஏதோ தளும்புது சிஸ்டர். திரும்பிப் படுத்தா களக்குன்னு கேக்குது. கட்டி திரும்ப வந்துருச்சா?”

மார்பு அறுவை முடிந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்கு வருகிறவர்களில் பலர், ஸ்டூலில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிற கேள்வி இது. கூட வந்த கணவரையோ மருமகளையோ வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள். கேட்கும்போது குரல் இறங்கிவிடும். பதினைந்து நாளைக்கு முன்னால் மார்பையே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அந்த வெறும் இடம் இப்போது வீங்கி நிற்கிறது. மனசு வேறெங்கே போகும்?

கையைக் கழுவி, கையுறை மாட்டி, வீக்கத்தின் இரண்டு ஓரத்திலும் விரல்களை வைப்பேன். ஒரு பக்கம் மெல்லத் தட்டினால் மறுபக்கத்து விரலில் அலை வந்து மோதும். கட்டியாக இருந்தால் அந்த அலை வராது. “கட்டி இல்லம்மா, நீர் கோத்திருக்கு” என்று சொன்னதும் அவர்கள் விடுகிற பெருமூச்சை இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் பத்தொன்பது வருடம் இதே டிரெஸ்ஸிங் அறையில். மதுரைப் பக்கத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், புற்றுநோய் அறுவைப் பிரிவை ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அது.

சீரோமா என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். நீர் கோத்துக்கொள்வது என்று ஊரில் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மார்பை எடுக்கும்போது மேல்தோலை அடியிலிருந்து பிரிக்கிறார்கள். அக்குளில் உள்ள நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், சேர்த்து எடுக்கிறார்கள். நிணநீர் ஓடிக்கொண்டிருந்த நுண்குழாய்கள் அறுபடுகின்றன. தோலை இழுத்துத் தைத்துவிட்டாலும் அது விலாவின் மேல் உடனே ஒட்டிக்கொள்ளாது. புதுச் சுவரில் பூச்சு பிடிக்காமல் உப்பிக்கொண்டு நிற்குமே, அதுபோல அடியில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் நீர் ஊறுகிறது. உலக அளவில் வெளிவந்த ஆய்வுகளில் 100 பேரில் 3 பேருக்கு என்றும் இருக்கிறது, 85 பேருக்கு என்றும் இருக்கிறது. கையில் தட்டுப்படும் துளி நீரையும் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. ஊசி போட்டு எடுக்க வேண்டியதை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. அதனால் இந்த வித்தியாசம். எப்படி எண்ணினாலும் இது அந்தப் பெண்மணி செய்த தவறால் வருவதில்லை. “தண்ணிக் குடத்தைத் தூக்குனேன், அதான்” என்று அழுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அந்த நீரை வெளியே இழுக்கத்தான் அறுவை அரங்கிலேயே டிரெயின் வைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் இரண்டு குழாய்கள்: ஒன்று தோலுக்கு அடியில், ஒன்று அக்குளுக்குள். வெளியே துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு டப்பா. எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் ரோமோவாக் என்றே சொல்வோம். அதை அமுக்கி, காற்றை வெளியேற்றி, மூடியை மூடினால் அது விரியப் பார்க்கும். விரிகிற வேகத்தில் நீரை உறிஞ்சும். உறிஞ்சும்போதே தோலையும் விலாவோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டப்பா உப்பிக்கிடந்தால் உறிஞ்சல் நின்றுவிட்டது என்று பொருள். வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளிக்கும், கூட இருப்பவருக்கும் இதைச் செய்துகாட்டி, அவர்களையும் செய்யச் சொல்லிப் பார்ப்போம்.

பெண்கள் அந்த டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். குழாய் முந்தானைக்குள் மறைந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு அது காய்கறிப் பை. சோழவந்தானிலிருந்து வந்த ஒரு அம்மா, வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர், பத்து நாள் அந்தப் பையோடு பஸ்ஸில் வந்துபோனார். பேரன் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு, காலை 6 மணிக்கு எவ்வளவு, மாலை 6 மணிக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருந்தான். 210, 165, 140, 90 என்று எண்கள் இறங்கிவரும். எட்டாம் நாள் மட்டும் மறுபடி 130. “என்னம்மா பண்ணீங்க?” என்று கேட்டேன். “சும்மா கெடக்க முடியல தாயி. துணி தொவைச்சுக் கொடியில காயப்போட்டேன்” என்றார். கையை உயரத் தூக்கினால் ஒட்டத் தொடங்கிய தோல் பிரியும், நீர் கூடும். டிரெயின் இருக்கும் வரை விரலை மடக்கலாம், முழங்கையை மடக்கலாம், தலை சீவலாம். தோள் மட்டத்துக்கு மேலே கை போகக் கூடாது. டிரெயின் எடுத்த பிறகு சுவரில் விரலால் படிப்படியாக ஏறும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் தோள் இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நாளைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலையில் பாதி.

24 மணி நேரத்தில் வரும் அளவு 30 மில்லிக்குக் குறைந்து, அப்படியே இரண்டு நாள் நின்றால் குழாயை எடுப்போம். 50 வரை பொறுத்துக்கொண்டு எடுக்கும் அறுவை மருத்துவர்களும் உண்டு. வெகு நாள் உள்ளேயே விட்டுவைக்கவும் முடியாது. நீர் வெளியே வரும் அதே வழியாகத்தான் கிருமி உள்ளே போகும்.

நான் இந்த அறைக்கு வந்தபோது நாகர்கோவில்காரரான ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். டப்பாவில் உள்ளதை அளவு ஜாடியில் ஊற்றியதும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதல் நாள் பீட்ரூட் சாறு போல இருக்கும். மூன்றாம் நாள் ரோஜா நிறத்துக்கு வெளுக்கும். ஒரு வாரத்தில் வைக்கோல் ஊறிய தண்ணீர் போலத் தெளிந்துவிடும். தெளிந்தது மறுபடி கலங்கினால் அவர் முகம் மாறிவிடும். “மக்ளே, மொதல்ல மூக்கு, பொறவு கண்ணு, கடைசியாத்தான் கை” என்பார். கட்டைப் பிரிக்கும்போது முதலில் வருவது வாடை. பழைய ரத்தத்தின் இரும்பு வாடை வேறு, மருந்தின் வாடை வேறு, கெட்டுப்போனதன் வாடை வேறு. எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு இது கிடைக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று இரண்டு வருடத்தில் பழகிக்கொண்டது.

குழாய் எடுத்த பிறகு சேர்கிற நீர் கொஞ்சமாக இருந்தால் தொடவே வேண்டாம். உடம்பு தானாக உறிஞ்சிக்கொள்ளும். தோல் விறைத்து, தையலை இழுக்கும் அளவுக்கு நிறைந்தால்தான் ஊசி. நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்து, இடத்தைச் சுத்தம் செய்து, ஊசியை விலாவுக்கு இணையாகப் படுக்கவைத்தபடி டாக்டர் உள்ளே விடுவார். நேராகக் குத்தினால் அடியில் நுரையீரல் இருக்கிறது. பெரிய சிரிஞ்சு மெல்ல நிறையும். வெளிறிய மஞ்சளாக 80 மில்லி, 120 மில்லி. வீக்கம் அப்படியே கண் முன்னால் வற்றி, தோல் விலாவின் மேல் படியும்.

“குத்திட்டீங்களா? தெரியவே இல்லையே” என்று அந்த நேரத்தில் கண்ணை மூடியிருக்கும் அம்மாக்கள் கேட்பார்கள்.

அறுவையில் தோலுக்கு வரும் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அக்குளைத் துழாவும்போது மேற்கையின் உள்பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பும் பலருக்குப் போய்விடும். மார்பு இருந்த இடமும், அக்குளும், மேற்கையின் உட்பக்கமும் மரத்துக் கிடக்கும். சிலருக்கு மாதங்களில் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலே போகும். ஊசி போடும் நேரத்தில் அது எங்களுக்கு வசதி. வீட்டுக்குப் போனதும் அந்த மரத்த இடத்தைப் போல ஆபத்தானது வேறில்லை.

வீக்கம் என்றால் ஒத்தடம் என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கம். திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு அவர் மாமியார் பிரியமாகத்தான் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார். “சூடு பொறுக்குதா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் வைத்திருக்கிறார். “பொறுக்குதுத்தை, இன்னும் கொஞ்சம் வைங்க” என்று இவரும் சொல்லியிருக்கிறார். மறுநாள் என் முன்னால் ரவிக்கையைத் திறந்தபோது தையலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மாமியார் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று நாங்கள் சொன்ன இருபது விஷயங்களில் “அங்கே சூடு தெரியாது” என்ற ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

அதற்கு ஒரு வருடம் கழித்து நடந்தது இன்னும் பெரிது. அதில் தவறு முழுக்க என்னுடையது.

ஒரு சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து கிளம்பும் நேரம். மேலூரைச் சேர்ந்த ஒரு அக்காவின் போன். வயது நாற்பத்தெட்டு, சுகர் உண்டு. இரண்டு நாள் முன்னால்தான் அவருக்கு மூன்றாவது முறையாக நீர் எடுத்திருந்தோம். “சிஸ்டர், தையலுக்குப் பக்கத்துல கொஞ்சம் செவப்பா இருக்குன்னு மக சொல்றா.”

“காய்ச்சல் இருக்கா?”

“இல்ல சிஸ்டர். லேசா குளிருற மாதிரி இருந்துச்சு. இப்ப இல்ல.”

“வலிக்குதா?”

“வலியே இல்ல சிஸ்டர்.”

“அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை ஓபிக்கு வாங்க.”

மரத்த இடத்தில் வலியைக் கேட்டேன். வலி இல்லை என்ற பதிலில் நிம்மதியடைந்தேன். ஒவ்வொரு முறை ஊசி நுழைவதும் கிருமிக்கு ஒரு வாசல் திறப்பது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற நான், மூன்று முறை ஊசி போட்ட இடம், சுகர் உள்ள உடம்பு, குளிர் எடுத்த ஒரு பொழுது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.

திங்கட்கிழமை அவரைத் தாங்கிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். காய்ச்சல் 102. அறைக்குள் அவர் வந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு தையலிலிருந்து விலா ஓரம் வரைக்கும் பரவியிருந்தது. தோல் பளபளவென்று இறுகி, கையுறையைத் தாண்டிச் சுட்டது. டாக்டர் இரண்டு தையலைப் பிரித்ததும் சீழ் தானாக வழிந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்த என் கை அன்று நடுங்கியதை அந்த அக்கா பார்த்தார். “வலிக்கலையே சிஸ்டர், நீங்க ஏன் பயப்படுறீங்க?” என்று என்னைத் தேற்றினார்.

கல்ச்சரில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்தது. மார்பு அறுவைப் புண்ணில் அதிகம் தென்படும் கிருமி அதுதான். பலருடைய தோலிலும் மூக்கிலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். உள்ளே தேங்கிய நீர் கிடைத்தால் பெருகிவிடும். ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்தால் மட்டும் இந்த மாதிரிச் சீழ் அடங்காது. திறந்து, வடித்து, கழுவி, அடியிலிருந்து ஆறவிட வேண்டும். மேலே மட்டும் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி தேங்கும். அதனால் சலைனில் நனைத்த காஸ் துணியைப் பள்ளத்துக்குள் மெதுவாக அடைத்துவைப்போம். முதல் நாள் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே போனது. அடுத்த வாரம் ஒரு சாண். தினமும் காலையில் அவருக்கான காஸை நானே வெட்டினேன், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் பள்ளத்தின் அடியில் மாதுளை முத்து மாதிரி பொடிப்பொடியாகச் சிவந்த சதை எழுந்தது. அந்த நிறத்தைப் பார்ப்பதற்காகத்தான் டிரெஸ்ஸிங் அறையில் இருப்பவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்திருப்போம். ஏழாவது வாரம் விரல் நுனி கொள்ளும் குழியாகி, பிறகு மூடியது.

அதுவரை கீமோ தொடங்க முடியவில்லை. வழக்கமாக அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்குவார்கள். அவருக்குப் பத்தாவது வாரம் ஆகிவிட்டது. மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் பாதகம் என்று புற்றுநோய் மருத்துவர் அவருக்கு விளக்கிச் சொன்னார். எனக்கு அந்த நான்கு வாரமும் நெஞ்சில் கல். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க வேணும்னா சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு, தன் மகளுக்கு நர்சிங் சீட் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் அறையில் இரண்டு பொருள்கள் புதிதாக வந்தன. ஒன்று, உடல் பாதி தெரியும் கண்ணாடி. இன்னொன்று, தோலில் எழுதும் பேனா.

கண்ணாடியைச் சுவரில் மாட்டியபோது சக ஊழியர்களே வேண்டாம் என்றார்கள். பார்த்தால் உடைந்துபோவார்கள் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியும் அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் எங்களிடம் வருகிறார்கள். பாவாடையைக் கழுத்து வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குளிக்கிறார்கள். வீட்டில் உள்ள ஒரே கண்ணாடி கூடத்தில், எல்லோரும் போய்வரும் இடத்தில் தொங்கும். கணவரிடம் காட்டமாட்டார்கள். மகனிடம் பேச்சே இல்லை. மகள் இருந்தால் உண்டு. ஆக, அந்த இடத்துக்கு உணர்ச்சியும் இல்லை, பார்க்கும் கண்ணும் இல்லை. கிருமி பெருக இதைவிட வசதியான இடம் ஏது?

அதனால் அவசரப்படுத்தாமல் கூட இருந்து காட்டுகிறேன். முதல் நாள் கட்டோடு. அடுத்த நாள் கட்டைப் பிரித்து, நான் தையல் ஓரத்தை விரலால் காட்டிக்கொண்டே. அழுகிறவர்கள் அழட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். அழுது முடித்ததும், “இப்ப இதோட நெறத்தை நல்லாப் பார்த்து வச்சுக்கங்க. இதுதான் நல்ல நெறம். நாளைக்கு இதுலருந்து மாறுச்சுன்னா எனக்குச் சொல்லணும்” என்பேன். நல்லதைப் பார்த்து வைத்தவருக்குத்தான் கெட்டது தெரியும்.

இப்போது போனில் வலிக்கிறதா என்று நான் கேட்பதில்லை. நேற்றைவிடச் சிவப்பு எத்தனை விரல் அகலம் கூடியிருக்கிறது, புறங்கையை வைத்தால் மறுபக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, டப்பாவில் கலங்கலாக வருகிறதா, குளிர் எடுத்ததா, வாடை வருகிறதா என்று கேட்பேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் சுலபம் என்பார்கள். ரவிக்கைக்கு உள்ளே இருப்பதைப் படம் பிடித்து அனுப்ப எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் சம்மதிப்பதில்லை; மகனின் போனில் எப்படி அனுப்புவார்கள்? விரலால் அளப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. உடம்புச் சூடு 100.4 தாண்டினால் கிழமை, நேரம் பார்க்காமல் கிளம்பி வர வேண்டும். சனிக்கிழமையாக இருந்தாலும் கேஷுவாலிட்டி உண்டு.

எல்லாச் சிவப்பும் சீழல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு இருக்கும், பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாமல் சதுரமாகச் சிவக்கும். இவை நகராது. கிருமியால் வரும் சிவப்புதான் பரவும். அதற்குத்தான் பேனா. சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதிவிடுவேன். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியதா, உள்ளே சுருங்கியதா என்று படிக்காதவரும் பார்த்துச் சொல்லலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். புண் இருந்தால் முட்டை ஆகாது, மீன் ஆகாது, கத்தரிக்காய் சீழ் பிடிக்கும், கருவாடு கூடவே கூடாது. கடைசியில் ரசமும் இட்லியும் பிரெட்டும் மட்டும். புண் மூடுவதற்குச் சதை வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். மேலூர் அக்காவின் வீட்டிலும் பத்தியம்தான் நடந்திருந்தது. கத்தரிக்காயை விட்டுவிடுங்கள், அதில் நான் தலையிடவில்லை, ஆனால் தினம் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பயறு, சைவம் என்றால் பருப்பும் மோரும் சுண்டலும் என்று பேரம் பேசி முடிப்பேன். சுகர் உள்ளவர்களுக்கு அளவு 180-க்குள் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டு மாற்றுவதைவிட முக்கியம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டுவதை விட்டுவிட்டேன். திட்டினால் அடுத்த முறை கழுவிவிட்டு வந்து மறைப்பார்கள். ஆறின தோலில் என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், திறந்த புண்ணில் எதுவும் வேண்டாம் என்பேன்.

எங்கள் பழக்கங்களிலும் விட்டுவிட வேண்டியவை இருந்தன. நெஞ்சைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் நீர் கோக்காது என்று வெகுகாலம் நம்பினோம். 1999-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் அப்படிக் கட்டியவர்களுக்கு நீர் குறையவில்லை, ஊசி போட்டு எடுக்க வேண்டிய முறைகள்தான் கூடின. இப்போது சில அறுவை மருத்துவர்கள் தோலை உள்ளிருந்தே விலாத் தசையோடு ஆங்காங்கே தைத்து, அந்த இடைவெளியையே இல்லாமல் ஆக்குகிறார்கள். மெத்தையில் பஞ்சு நகராமல் குறுக்கே தைப்பார்களே, அந்த மாதிரி. அப்படித் தைத்து வருகிறவர்களுக்கு நீர் குறைவாகக் கோக்கிறது என்பதை என் ரிஜிஸ்டரிலேயே பார்க்கிறேன்.

கையுறை மாட்டும்போது சில நேரம் எனக்கு ஒரு நர்ஸின் நினைவு வரும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 வாக்கில் வேலை பார்த்த கரோலைன் ஹாம்ப்டன். கையைப் பாதரச உப்புக் கரைசலில் நனைத்துச் சுத்தம் செய்த காலம் அது. அவர் கை வெந்து புண்ணாகிவிட்டது. அவர் வேலையை விட்டுவிடக் கூடாது என்று அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்துவாங்கினார். மறு வருடம் இருவருக்கும் திருமணம் ஆனது. நர்ஸின் கையைக் காப்பாற்ற வந்த உறை நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பாற்றும் என்பது பிறகுதான் தெரிந்தது. மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையைப் பரப்பியவரும் இதே ஹால்ஸ்டெட்தான். அந்த அளவு வெட்டு இன்று தேவைப்படுவதில்லை. 1948-இல் லண்டனில் பேட்டி என்ற அறுவை மருத்துவர் பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவைக்கும் முறையை வெளியிட்டார். இப்போது பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து மார்பையே காப்பாற்றுகிறார்கள். கட்டி எடுத்த பள்ளத்தில் கோக்கும் கொஞ்சம் நீர் மார்பின் வடிவத்தைத் தக்கவைக்க உதவும். அதை எடுக்கக் கேட்டு வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்புகிறோம். செயற்கை மார்பு வைத்துக்கொண்டவர்களுக்குக் கிருமி வந்தால் நிலைமை வேறு. பல நேரம் உள்ளே வைத்ததை எடுத்தாக வேண்டியிருக்கும். எங்கள் அறைக்கு அப்படி வருகிறவர்கள் குறைவு.

தையல் ஆறிவிட்டது, டப்பா போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது இரண்டாம் சுற்று வரும். கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்கள் குறையும். உள்ளே கொஞ்சம் நீர் தங்கியிருந்தால் அந்த வாரத்தில் கெட்டுப்போகலாம். வெள்ளையணு குறைந்த உடம்பு சீழைக்கூடச் சரியாக உண்டாக்காது. காய்ச்சல் மட்டுமே அடையாளமாக வரும். அக்குள் நெறி எடுத்த கையில் முள் குத்தினாலும், பூனை பிறாண்டினாலும் கை முழுக்கச் சிவந்து வீங்கலாம். கொடிக்கால் வேலையும், நாற்று நடவும், பூ கட்டுவதும் செய்யும் கைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? வேலை செய்யாதே என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் முடியாது. முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே காட்டு என்று சொல்கிறேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டு மாற்ற வராத நாட்கள் அதன் பிறகு என் ரிஜிஸ்டரில் குறைந்திருக்கின்றன. “பஸ்ஸுக்குக் காசு இல்லம்மா” என்ற பதில் எத்தனை புண்களைக் கெடுத்திருக்கிறது என்பது டிரெஸ்ஸிங் அறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தூரத்து ஊர்களிலிருந்து இரண்டு வண்டி மாறி வருகிறவர்களுக்கு இன்னும் காசு வேண்டும், ஒரு நாள் கூலியும் போகிறது. அவர்களுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டரோடு போனில் பேசி, கட்டு மாற்றும் வேலையை அங்கேயே ஒப்படைக்கிறோம். சீட்டில் இரண்டு வரி எழுதுவதோடு விடாமல் நேரடியாகப் பேசினால்தான் அது நடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உசிலம்பட்டிப் பக்கத்து ஆத்தா ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பேத்தியை விட்டு போன் பண்ணியிருந்தார்: “ஒன்றரை விரல் கூடியிருக்கு, சுடுது.” அன்றைக்கே கேஷுவாலிட்டியில் சேர்த்து மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஸ்கேனில் கொஞ்சம் நீர் இருந்தது. ஊசியில் எடுத்ததில் கலங்கலாக வந்தது, சீழ் கட்டவில்லை. திங்கட்கிழமை காலை நான் போட்ட நீலக் கோடு அவர் விலாவில் ஆற்றங்கரை போல வளைந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். ஆத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சிவப்பு கோட்டுக்குள் ஒரு விரல் அளவு பின்வாங்கியிருந்தது.

“வத்துதுல்ல?” என்றார்.

“வத்துது ஆத்தா.”

உள்ளே சுருங்கிய ஓரத்தில் புதுக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இந்த மையி குளிச்சாப் போயிருமா தாயி?” என்று கேட்டார்.

“போயிரும். இப்ப குளிக்க வேணாம். நாளைக்கு வேற எடத்துல போடணும்.”